பத்து வயதுக் குதிகால்

பத்து வயதுப் பையனின் குதிகாலைப் பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே படத்தை முதல்முறை பார்க்கிற எந்தத் தகப்பனுக்கும் திக்கென்றுதான் இருக்கும். குதிகாலின் பெரிய எலும்பு முன்னால் இருக்கும். அதற்குப் பின்னால், பிறை வடிவில் வளைந்த ஒரு சின்னத் துண்டு ஒட்டாமல் தனியாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி. உற்றுப் பார்த்தால் அந்தப் பிறையும் முழுசாக இருக்காது. இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும், பக்கத்து எலும்பைவிட வெளுத்துக் கெட்டிப்பட்டுத் தெரியும். மும்பையை அடுத்த டோம்பிவிலி கிழக்கில் மான்பாடா ரோட்டுப் பக்கமோ, மேற்கில் ஸ்டேஷனை ஒட்டியோ, ஏதோ ஒரு கிளினிக்கில் அந்தப் படத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறவர் கேட்கும் முதல் கேள்வி, “உடைஞ்சிருக்கா டாக்டர்?” என்பதுதான்.

உடையவில்லை. அந்த வயதில் குதிகால் எலும்பு அப்படித்தான் இருக்கும். வலியே இல்லாமல் ஓடியாடித் திரிகிற பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிவந்து படம் எடுத்தாலும் அதே பிறை, அதே இடைவெளி, அதே பிளவுகள்தான் தெரியும். அதற்காக நம் பையனின் வலி பொய்யாகிவிடாது. அவன் நிஜமாகவே கெந்திக் கெந்தித்தான் நடக்கிறான். ஆனால் படத்தில் அப்பாவைப் பயமுறுத்துகிற துண்டு அந்த வலிக்குச் சாட்சி இல்லை. இந்தக் குழப்பத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

1895-ல் ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததும் எலும்பு மருத்துவர்களுக்குத் திருவிழா தொடங்கிவிட்டது. அதுவரை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றிருந்த எலும்பு, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் உடம்புக்குள்ளேயே தெரிய ஆரம்பித்தது. பார்த்ததையெல்லாம் எழுதினார்கள்; எழுதியவர்கள் பெயரில் நோய்கள் பிறந்தன. முழங்காலுக்குக் கீழே புடைத்துக்கொண்டு வலிப்பதை 1903-ல் பாஸ்டனில் ஆஸ்குட்டும் சூரிச்சில் ஷ்லாட்டரும் தனித்தனியே எழுதினார்கள். 1910-ல் இடுப்பு மூட்டுக்கு லெக், கால்வே, பெர்த்தஸ் என்று மூன்று பேர். 1912-ல் பாஸ்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் வாரன் செவர் குதிகாலைப் பற்றி எழுதினார். வளர்கிற, ஓடியாடுகிற பிள்ளைகளின் குதிகாலில் வலி. எக்ஸ்ரேயில் வெளுத்துப் பிளந்த பிறை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். ‘செவர் நோய்’ என்ற பெயர் பாடப்புத்தகத்தில் ஏறியது.

பிற்காலத்தில் வலி இல்லாத பிள்ளைகளின் பாதங்களையும் படம் எடுத்து ஒப்பிட்டபோது முடிச்சு அவிழ்ந்தது. வெளுப்பும் பிளவும் வளர்ச்சியின் சாதாரணக் கட்டங்கள். நோயாளிக்குப் பக்கத்தில் நோயில்லாத ஒருவரையும் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவம் ரொம்பவும் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம். பெயர் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருந்துச் சீட்டில் அதைப் படித்துவிட்டுக் கூகுளில் தேடுகிற அம்மாக்களின் இரவுத் தூக்கத்தையும் அது கெடுக்கிறது.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? அதற்கு இந்த எலும்பு வளரும் விதத்தைப் பார்க்க வேண்டும். சொல்லப்போனால், இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

நம் எலும்புகளில் பெரும்பாலானவை முதலில் குருத்தெலும்பாகத்தான் உருவாகின்றன. அதற்குள் ஏதோ ஓர் இடத்தில் சுண்ணாம்பு படியத் தொடங்கி, அங்கிருந்து எலும்பாக விரிகிறது. குதிகால் எலும்பு இதில் முந்திரிக்கொட்டை. தாயின் வயிற்றில் ஐந்தாறு மாதம் ஆகும்போதே அது எலும்பாக மாறத் தொடங்கிவிடும். பாதத்திலேயே பெரிய எலும்பும் இதுதான். பிறகு பல வருஷம் சத்தமில்லாமல் வளர்கிறது. பையன்களுக்கு ஏழு எட்டு வயதில், பெண் பிள்ளைகளுக்கு அதற்கு ஒன்றிரண்டு வயது முன்பாகவே, எலும்பின் பின்னோரத்துக் குருத்தில் புதிதாக இன்னொரு எலும்பு மையம் முளைக்கிறது. எக்ஸ்ரேயில் பிறையாகத் தெரிவது அதுதான். பாதத்தின் பின்பாதியில் ஏழு எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் வழக்கமாக இப்படி இரண்டாவது மையம் முளைப்பது குதிகாலுக்கு மட்டுமே. பெரிய எலும்புக்கும் பிறைக்கும் நடுவே இருக்கும் கறுப்பு இடைவெளி வெற்றிடம் இல்லை. அது வளர்ச்சிக் குருத்து. எலும்பைப் பின்பக்கம் நீளவைக்கிற பட்டறை. குருத்தை எக்ஸ்ரே ஊடுருவிப் போய்விடுவதால் படத்தில் காலியாகத் தெரிகிறது. பெண்களுக்குப் பதின்மூன்று வாக்கில், பையன்களுக்குப் பதினைந்து வாக்கில் பிறை பெரிய எலும்போடு ஒட்டிக்கொள்ளும். கோடு மறைந்துவிடும்.

எட்டு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் இந்த வலி வருகிறது. இருபது வயதுக்காரருக்கு இது வராது. அவருக்குக் குதிகால் வலித்தால் காரணம் வேறு. அம்மாவுக்குக் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது சுருக்கென்று குத்துகிறதே, அது பாதத்தின் அடியில் ஓடும் தடித்த நாரின் பிரச்சினை. பையனுடைய வலி வேறு சாதி.

இப்போது அந்தப் பிறைக்கு என்னென்ன வேலை என்று பாருங்கள். கெண்டைக்கால் தசையிலிருந்து இறங்கும் தசைநாண், உடம்பிலேயே தடித்தது, வலுவானது. அது வந்து பிடித்துக்கொள்வது இங்கேதான். அது மேலே இழுக்கிறது. அடிப்பாதத்து நாரும் இதே எலும்பின் கீழ்ப்பக்கத்திலிருந்து புறப்பட்டு முன்னால் இழுக்கிறது. பெரியவர்கள் ஓடும்போது அளந்து பார்த்ததில் அந்தத் தசைநாணில் ஏறும் இழுவிசை உடல் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு. ஒவ்வோர் அடிக்கும் அவ்வளவு. போதாததற்கு, குதித்து இறங்கும்போது தரை கீழேயிருந்து மோதுகிறது. பூச்சு காயாத சுவரில் ஆணி அடித்து அதில் மூட்டையைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? ஆணி வளையாது, மூட்டையும் கிழியாது, பூச்சுதான் விட்டுக்கொடுக்கும். குருத்தின் நிலைமை அதுதான்.

இழுப்பதால் வருகிறதா, மோதுவதால் வருகிறதா என்பதில் இன்னும் வாக்குவாதம் உண்டு. 2004-ல் ஜான் ஆக்டன் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவரும் சகாக்களும் வலியுள்ள பிள்ளைகளின் குதிகாலை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எல்லோரும் குற்றம் சாட்டிவந்த பிறையைவிட, குருத்துக்கு இந்தப் பக்கம் பெரிய எலும்பின் ஓரத்தில்தான் கன்றிப்போன அடையாளங்கள் இருந்தன. திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பு நொந்துபோகிற வகைக் காயம் அது என்று எழுதினார்கள். எப்படி இருந்தாலும் நமக்குத் தேவையான செய்தி ஒன்று. இது கிருமியால் வந்தது இல்லை, சத்துக்குறைவால் வந்தது இல்லை, பரம்பரையும் இல்லை. தாங்க முடிகிற அளவைத் தாண்டிய சுமை, வளர்கிற இடத்தில் விழுகிறது.

அந்தச் சுமை டோம்பிவிலியில் எப்படிச் சேர்கிறது?

மும்பைப் பக்கத்தில் கிரிக்கெட் விளையாடாத பையன் அபூர்வம். டோம்பிவிலிக்கு அதில் தனிப் பெருமையே உண்டு. இந்திய டெஸ்ட் அணியை வழிநடத்திய அஜிங்கிய ரஹானே வளர்ந்ததும், சிறுவனாக மட்டை பிடிக்கக் கற்றதும் இங்கேதான். அந்தப் பெருமையின் நிழலில், பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கான ஜைல்ஸ் ஷீல்டில் ஆடிவிட வேண்டும் என்ற கனவோடு எத்தனையோ வீடுகளில் கிட் பேக் தோளில் ஏறுகிறது. பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள். குருத்து திறந்திருக்கிற அதே வயது.

பதினோரு வயதுப் பையன் ஒருவனின் ஒரு நாளைப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் கோச்சிங். வேகப்பந்து போடுகிறவன் என்றால் ஒவ்வொரு பந்துக்கும் முன்காலின் குதிகாலை ஓங்கி ஊன்றுகிறான். பிறகு ஸ்கூல், பி.டி. பீரியடில் சப்பை அடிப்பாகம் கொண்ட கேன்வாஸ் ஷூவோடு நாலு சுற்று ஓட்டம். சாயங்காலம் சொசைட்டி காம்பவுண்டில் பேவர் பிளாக் மேல் செருப்பில்லாமல் விளையாட்டு. சனி ஞாயிறு டர்ஃபில் ஃபுட்பால். ஸ்டட் ஷூவில் குதிகால் தாழ்ந்தே இருக்கும், தசைநாண் இன்னும் விறைக்கும். கோச்சுக்குத் தெரிந்தது இரண்டு மணி நேரம். பி.டி. சாருக்குத் தெரிந்தது நாற்பது நிமிஷம். அப்பாவோ 48 கிலோமீட்டர் தள்ளி சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி ஆபீஸ் போய்விட்டு இரவு எட்டரைக்குத்தான் வருகிறார். மொத்தத்தையும் கூட்டிப் பார்க்க யாருமில்லை. கூட்டிப் பார்ப்பது அந்தக் குதிகால் ஒன்றுதான்.

மழையும் இதில் ஒரு கை பார்க்கிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மைதானத்தில் தண்ணீர். நாலு மாதம் அரைகுறைப் பயிற்சி, ஆனால் வளர்ச்சி நிற்பதில்லை. பேன்ட் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடுகிறது. மழை விட்டதும் விட்டதைப் பிடிக்க வாரம் ஆறு நாள் பிராக்டிஸ். நவராத்திரி கர்பா வேறு. நேற்றுவரை இல்லாத சுமை இன்று மொத்தமாக ஏறுவதுதான் குதிகாலுக்கு ஆகாது. “டாச் துக்தேய், சர்” (குதிகால் வலிக்குது, சார்) என்று மராத்தியில் கோச்சிடம் பையன் சொல்லும்போது, “வார்ம்-அப் பண்ணா சரியாயிடும்” என்று பதில் வரும். கொஞ்ச நேரத்துக்குச் சரியாகவும் செய்யும். ஆட்டம் முடிந்து வீட்டுப் படியேறும்போதுதான் தெரியும்.

பெண் பிள்ளைகளின் கதை நாட்டிய வகுப்பில் நடக்கிறது. மும்பைத் தமிழர்களுக்கும் பரதத்துக்கும் உள்ள உறவு பழையது; 1945-ல் தொடங்கி மாட்டுங்காவில் வேர்விட்ட ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரைச் சொன்னாலே போதும். இன்று டோம்பிவிலியில் தெருவுக்குத் தெரு வகுப்பு இருக்கிறது. நாட்டடவில் காலை நீட்டிக் குதிகாலைப் பதிக்க வேண்டும். குதித்து மெட்டடவில் நுனிக்காலில் எம்பி, அடுத்த கணம் குதிகாலால் தரையை அடிக்க வேண்டும். அதுவும் மூன்று காலம். தட்டினால் சத்தம் கேட்க வேண்டும் என்பார் டீச்சர். கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஃப்ளாட்டின் ஹாலில் கான்கிரீட் மேல் ஒட்டிய டைல்ஸ் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. ஷூ போடவும் வழியில்லை. எட்டு, ஒன்பது வயதுச் சிறுமி அரங்கேற்ற அக்காக்களோடு சேர்ந்து இரண்டு மணி நேரம் தட்டினால் என்ன ஆகும் என்பதற்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, குதிகாலின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கையால் சேர்த்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். பின்னோரத்தில் அழுத்தும்போது “அய்யோ” என்று காலை இழுத்துக்கொண்டால் பெரும்பாலும் இதுதான். வீக்கம் இருக்காது, சிவப்பு இருக்காது. விளையாடிய பின் வலிக்கும், ஓய்வில் அடங்கும். வலி மிஞ்சினால் குதிகாலைத் தரையில் வைக்காமல் எக்கி எக்கி நடப்பார்கள். பாதிப் பேருக்கு மேல் இரண்டு காலிலும் இருக்கும். அனுபவமுள்ள மருத்துவர் பல சமயம் எக்ஸ்ரேயே கேட்பதில்லை. கேட்டால், இந்த வலியை உறுதிசெய்ய அல்ல. வேறொன்று இல்லை என்று பார்த்துக்கொள்ளத்தான்.

வேறொன்று எது? ராத்திரித் தூக்கத்திலிருந்து எழுப்பும் குதிகால் வலி, காய்ச்சல், வீக்கம், எடை குறைவது, விளையாடாத நாளிலும் விடாத வலி ஆகியவற்றை ‘வளர்கிற வலி’ என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஆணியோ முள்ளோ குத்திச் சில நாள் கழித்து ஒரு காலில் மட்டும் வலி ஏறினால் எலும்புக்குள் சீழ் பிடித்திருக்கலாம். காலையில் அரைமணி நேரம் கால் விறைத்துக்கிடந்தால் மூட்டுவாதத்தை யோசிக்க வேண்டும். நம் நாட்டில் எலும்புக் காசநோயையும் மறக்க முடியாது. மாடியிலிருந்தோ சுவரிலிருந்தோ குதித்தபின் கால் ஊன்றவே முடியவில்லை என்றால் அது எலும்பு முறிவாகவே இருக்கலாம். இப்படிப்பட்ட நேரத்தில் லோக்கல் பிடிப்பதில் தாமதம் வேண்டாம். பரேலில் 1929-லிருந்து குழந்தைகளுக்கென்றே இயங்கும் வாடியா மருத்துவமனை இருக்கிறது. தாராவியை ஒட்டி சயான் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. இரண்டும் மத்திய ரயில் பாதையிலேயே.

சரி, சாதாரண குதிகால் வலிக்கு என்ன செய்வது? ஊரிலிருந்து ஆச்சி போனில் சொல்வது ஒன்று உண்டு: “செங்கல்லச் சுட வச்சு, மேல எருக்க இலையைப் போட்டு, குதிகாலால மிதிக்கச் சொல்லு.” பெரியவர்களின் வறண்ட குதிகாலுக்கு அந்தச் சூடு இதமாக இருந்திருக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். தோல் மெல்லியது, சூடு பட்டுக் கொப்பளிக்கும். எருக்கம்பால் தோலையும் கண்ணையும் அரிக்கும். சுளுக்கு எடுக்கிறேன் என்று குதிகாலை அழுத்தி உருவிவிடுவதும் கூடாது. நொந்த இடத்தையே இன்னும் நோகடிப்பதாகும். விளையாடி வந்ததும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வைத்தால் போதும்.

முக்கிய வைத்தியம், சுமையைக் குறைப்பது. நிறுத்துவது என்று சொல்லவில்லை. மூன்று மாதம் சோபாவில் உட்காரவைத்தால் பிள்ளையின் மனசும் கெடும், கெண்டைக்காலும் சோர்ந்துபோகும். திரும்பப் போன முதல் வாரமே வலியும் திரும்பும். நான் பார்த்தவரை பயனுள்ள அளவுகோல் இதுதான்: ஆடும்போது லேசாகத் தெரிகிற, மறுநாள் காலைக்குள் அடங்கிவிடுகிற வலி இருந்தால் ஆடலாம். நொண்டினால் அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான். ஓட்டத்தையும் குதிப்பதையும் பாதியாக்கி, அந்த நேரத்தில் நீச்சல், சைக்கிள். நாட்டியப் பிள்ளைக்கு ஒரு மாதம் அபிநயமும் ஹஸ்தமும். அடவு வேண்டுமென்றால் முதல் காலத்தில், ரப்பர் பாய் விரித்து. வலி மாத்திரை கொடுத்து மேட்சுக்கு அனுப்புவதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். வலி சொல்லும் எச்சரிக்கையின் வாயைப் பொத்திவிட்டு விளையாடச் சொல்வது அது. குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி என்று யாராவது சொன்னால் மறுத்துவிட்டு வேறு மருத்துவரைப் பாருங்கள்; தசைநாண் பலவீனமாகி அறுந்துபோகும் ஆபத்து உண்டு. அறுவை சிகிச்சைக்கு இதில் வேலையே இல்லை.

மெடிக்கல் ஷாப்பில் சிலிகான் ஹீல் கப் கிடைக்கும். ஷூவுக்குள் வைத்தால் குதிகால் சற்று உயர்ந்து, தசைநாணின் இழுப்புக் குறையும். ஒரு காலில் வலித்தாலும் இரண்டிலும் வைக்க வேண்டும். இல்லையென்றால் நடை கோணும். வலி அடங்கிய பிறகு கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி: சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முப்பது விநாடி சாய்ந்து நிற்பது.

இதில் எது மற்றதை மிஞ்சுகிறது? நெதர்லாந்தில் 101 பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஷூவுக்குள் குதிகால் உயர்த்தி, ஒரு குழுவுக்கு பிசியோதெரபி, மூன்றாவது குழு பொறுத்திருந்து பார்த்தது. ஆறாவது வாரத்தில் உயர்த்தி வைத்தவர்களுக்குத் திருப்தி கொஞ்சம் கூடுதல். மூன்றாவது மாதத்தில் மூன்று குழுவும் நன்றாகத் தேறியிருந்தன, ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பிரத்யேக இன்சோல் செய்யச் சொல்கிறவர்களிடம் இந்தச் செய்தியைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

வலி ஒரு முறை போய்விட்டு அடுத்த சீசனில் திரும்பி வருவதும் உண்டு. குருத்து மூடும்வரை அந்த வாய்ப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் இந்த வலியால் குதிகாலில் நிரந்தரக் கேடு எதுவும் வருவதில்லை என்பதைப் பிள்ளையிடமே சொல்லிவிடுவது நல்லது. தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று அவன் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கலாம்.

பயிற்சியாளர்களுக்கும் நாட்டிய ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை வேறு எங்கெல்லாம் ஓடுகிறான், ஆடுகிறாள் என்று மாதம் ஒருமுறை கேளுங்கள். பெற்றோருக்கு இன்னும் சின்ன வேலை. இன்று இரவு பிள்ளையின் ஸ்கூல் ஷூவை எடுத்துப் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக நின்றால் இந்த வருஷத்தை ஓட்டிவிடலாம். பொசுக்கென்று உள்ளே அமுங்கினால் சனிக்கிழமை கடைக்குக் கூட்டிப்போய், குதிகாலில் மெத்தென்று சற்று உயரம் உள்ள ஜோடியாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரிசாக மட்டும் வாங்காதீர்கள்.